சித்தப்பாவும் கோன் கலரும்

ஸ்ரீவில்லிபுத்தூர்னு சொன்னதும் உங்களுக்கு ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாவும் ஞாபகம் வரும். எனக்கு கூடவே எங்க சித்தப்பாவும் வருவார். அவருக்கு மனச்சிதைவு நோய். ஸ்கிசோஃப்ரினியான்னு டாக்டர்கள் சொல்வாங்களே, அதுதான்.

மாத்திரை சாப்பிட ஆரம்பிச்ச ஆறு மாசத்துல காதுல கேட்டுட்டிருந்த குரல்கள் நின்னுடுச்சு. ராஜபாளையத்துல ஒரு ஸ்பின்னிங் மில்லுல பேக்கிங் வேலையும் கிடைச்சது. மூணாவது மாசமே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. 40-ம் நம்பர் நூல் கோனையும் 60-ம் நம்பர் கோனையும் ஒரே பெட்டியில போட்டுட்டாராம். காலையில சூப்பர்வைசர் சொன்னது மத்தியானம் ஞாபகம் இல்லை. "இப்பத்தான் குரல் கேக்கலையே, அப்புறம் என்ன? சோம்பேறித்தனம்"னு வீட்ல முடிவு கட்டினாங்க. சின்னப் பையனா இருந்த நானும் சேர்ந்து சிரிச்சிருக்கேன்.

அது சோம்பேறித்தனம் இல்லைன்னு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

சென்னையில மனநோயாளிகளுக்குன்னு ஒரு இடம் வந்தது 1794-ல். அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறினது 1871-ல். நோயை உண்மையிலேயே கட்டுப்படுத்தற மருந்து வர இன்னும் எண்பது வருஷம் ஆச்சு. 1952-ல் பாரிஸ்ல குளோர்புரோமசின் கொடுத்துப் பார்த்தாங்க, பலருக்குக் குரல்கள் அடங்குச்சு. அடுத்த கேள்வி அங்கேதான் ஆரம்பிக்குது: குரல் நின்ன மனுஷன் வெளியே வந்து என்ன பண்ணுவான்?

கீழ்ப்பாக்கத்துல 1961-ல் கண்காணிப்பாளரா பொறுப்பேத்த டாக்டர் சாரதா மேனன் இந்தக் கேள்வியை விடவே இல்லை. நோயாளிகள் தொழில் பழகற கூடம் அங்கே அவர் காலத்துல வந்தது. ஓய்வு பெற்ற பிறகு 1984-ல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். சென்னையில 90 நோயாளிகளைப் பத்து வருஷம் தொடர்ந்து கவனிச்ச ஆய்வுல, ஆண்கள்ல பெரும்பாலானவங்க ஏதோ ஒரு வேலையில இருந்தாங்க. ஆக, இந்த நோய் வந்தா வேலையே செய்ய முடியாதுங்கிறது பொய்.

அப்ப சித்தப்பாவுக்கு என்ன ஆச்சு? மாத்திரை குரலை நிறுத்தும். ஆனா கவனம், ஞாபகம், யோசிக்கிற வேகம் இதிலெல்லாம் வர்ற குறைக்கு அது பெருசா உதவறதில்லை. நம்ம பாஷையில சொன்னா, ஹார்ட் டிஸ்க் பத்திரமா இருக்கு, ராம்தான் குறைஞ்சுடுச்சு. ரெண்டு வேலையை ஒண்ணாத் திறந்தா தொங்கிடும். :-)

இதைப் பயிற்சியால சரிபண்ணலாம்கிற யோசனை போர்க்களத்துலேர்ந்து வந்தது. முதல் உலகப்போர்ல தலையில அடிபட்ட சிப்பாய்களுக்கு ஜெர்மனியில கோல்ட்ஸ்டைன் பயிற்சி கொடுத்தார். மனச்சிதைவுக்கு இதை முறையா கொண்டு வந்தவங்கள்ல சுவிட்சர்லாந்தின் பிரென்னரும் லண்டனின் டில் வைக்ஸும் முக்கியமானவங்க. பயிற்சி ரொம்ப எளிமைதான்: எண்களை வரிசையா ஞாபகம் வைக்கறது, படங்களை வகை பிரிக்கறது, ஒரு வேலையைத் துண்டு துண்டா திட்டமிடறது. வாரத்துல சில நாள், பல வாரங்கள்.

2007-ல் சூசன் மெக்கர்க் குழு 26 ஆய்வுகளை, மொத்தம் 1151 பேரை, சேர்த்துப் பார்த்தாங்க. பயிற்சியால ஞாபகமும் கவனமும் ஓரளவு கூடுது. ஆனா அன்றாட வாழ்க்கையில நல்ல பலன் கிடைச்சது பயிற்சியோட மறுவாழ்வு உதவியும் சேர்ந்த இடங்கள்லதான். மெக்கர்க்கே நேரடியா வேலைவாய்ப்பு உதவியோட சேர்த்துப் பார்த்தப்போ, பயிற்சி எடுத்தவங்க அதிகமா வேலை பார்த்தாங்க. கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வெச்சு விளையாட விட்டா மட்டும் போதாது. வேலையும் வேணும், பக்கத்துல சொல்லிக் கொடுக்க ஒரு ஆளும் வேணும்.

நம்ம நாட்டு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில 4% ஒதுக்குது. அதுல மனநோய் உள்ளவங்களும் மத்த சில பிரிவினரும் பங்கு போட்டுக்கறது 1%. தனியார் மில்லுல கோன் அடுக்கறவருக்கு அந்த ஒதுக்கீடு இல்லை.

சித்தப்பா இப்ப ஒரு சொந்தக்காரரோட பால்கோவா கடையில பேக்கிங் பார்க்கறார். சித்தி ஒரு அட்டையில எழுதி சுவத்துல ஒட்டியிருக்காங்க: பச்சை மூடி கால் கிலோ, சிவப்பு மூடி அரை கிலோ. முதல் மாசம் கடைக்காரர் தினமும் பக்கத்துலயே நின்னார். இப்ப நாலு வருஷம் ஆச்சு. போன தடவை ஊருக்குப் போனப்ப அட்டையைப் பார்த்தேன், ஓரமெல்லாம் நெய் படிஞ்சு கிடந்தது. "இன்னும் இதைப் பார்ப்பீங்களா சித்தப்பா?"ன்னேன். "பிஸியான நேரத்துல மட்டும்ப்பா"ன்னார்.

மில்லுல கோன் முனையிலயும் நம்பருக்கு ஒரு கலர் உண்டு. எந்தக் கலர் எந்த நம்பர்னு ஒரு அட்டையில எழுதி ஒட்டியிருந்தா அன்னிக்கே போதுமா இருந்திருக்குமோ என்னவோ. யாருக்கும் தோணலை. எனக்கும்தான்.

உங்க டீம்ல யாராவது சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்டா, சிரிக்கறதுக்கு முன்னாடி எழுதிக் கொடுத்துப் பாருங்க. தப்பு ஏதும் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, திருத்திக்கறேன்.