சதுர விதியும் ஓசூர் விமானமும்

ஓசூர் என்றதும் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் நினைவுக்கு வருவது இயல்பு. அவ்வூரிலிருந்து தளி செல்லும் வழியில், பெலகொண்டப்பள்ளியில், விமானமும் கட்டப்பட்டது என்பதைப் பலர் அறிவதில்லை. 1994-ல் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம், இத்தாலியின் பார்த்தெனாவியா நிறுவனத்திடம் உரிமம் பெற்று, பி.68சி என்னும் ஆறு இருக்கை விமானத்தை அங்கே உருவாக்கத் தொடங்கியது. லூயிஜி பஸ்காலே வடிவமைத்து 1970-ல் முதன்முதலாகப் பறந்த விமானக் குடும்பம் அது. 200 குதிரைத்திறன் கொண்ட இரண்டு லைகாமிங் எஞ்சின்கள். ஒவ்வொன்றின் முன்னும், சுற்றுவேகம் மாறாமல் தன் இதழ்களைத் தானே திருப்பிக்கொள்ளும் உந்துவிசிறி.

1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த பஸ் மாத் விமானத்தின் விசிறி இதழ்கள் ஒரே கோணத்தில் நிலைத்தவை. அது ஒரே கியரில் ஓடும் வண்டியைப் போன்றது. மேலேறவும் சமமாகப் பறக்கவும் ஒரே கோணம் பொருந்தாது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் மேட்டுக்கு லாரி ஏற்றும் ஓட்டுநருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1924-லேயே பிரிட்டனில் ஹெலே-ஷா, பீச்சம் இருவரும் எண்ணெய் அழுத்தத்தால் இதழ்களைத் திருப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். அமெரிக்காவில் ஃபிராங்க் கால்டுவெல் 1930-களில் அத்தகைய விசிறியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். சுழலும் எடைகளும் ஒரு சுருள்வில்லும் சேர்ந்து வேகத்தைக் காக்கும் கவர்னர்தான் இதன் உயிர். நீராவி எஞ்சினுக்காக 1788-ல் ஜேம்ஸ் வாட் கையாண்ட அதே தத்துவம்.

இதனால் விமானியின் கைக்கு இரண்டு நெம்புகோல்கள் வந்தன. ஒன்று எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தத்தையும், மற்றொன்று சுற்றுவேகத்தையும் தீர்மானிக்கும். நிமிடத்துக்கு 2400 சுற்றும் குறைந்த அழுத்தமும் தரும் ஆற்றலையே, 2200 சுற்றும் சற்றுக் கூடுதலான அழுத்தமும் தரக்கூடும். குறைந்த சுற்றில் உராய்வு குறையும், இரைச்சல் குறையும், எரிபொருளும் ஓரளவு மிஞ்சும். அப்படியானால் எதைத் தேர்வது?

இக்கேள்விக்கு விமானிகளிடையே வாய்வழியாக வழங்கிவரும் விடை ஒன்றுண்டு. அதைச் சதுர விதி எனலாம். அங்குலத்தில் அளந்த அழுத்தம், நூறுகளில் எண்ணிய சுற்றைத் தாண்டலாகாது. 2400 சுற்றுக்கு 24 அங்குலமே எல்லை. கேட்பதற்குச் சாத்திரம் போலிருக்கும். ஆனால் பாதரச மானியை அங்குலத்தில் அளந்ததால் மட்டுமே இந்த எண்கள் பொருந்துகின்றன. சென்டிமீட்டரில் அளந்தால் 24 அங்குலம் ஏறத்தாழ 61 ஆகிவிடும், விதியும் மறைந்துவிடும். இயற்கையின் விதி அளவுகோலை மாற்றினால் மறையாது.

இந்த அச்சத்தின் விலையை 1944-ல் நியூகினியில் காணலாம். அங்கே சார்லஸ் லிண்ட்பெர்க், பி-38 போர்விமானிகளிடம் சுற்றை 1600 ஆகக் குறைத்து அழுத்தத்தை உயர்த்தும்படியும், எரிபொருள் கலவையை மெலிவாக வைக்கும்படியும் கூறினார். எஞ்சின் கெட்டுவிடும் என்று தயங்கினார்கள். எஞ்சின்கள் கெடவில்லை, விமானங்களின் பறப்பெல்லை பெருமளவு நீண்டது. எரிபொருள் தீர்ந்து கடலில் விழ நேரலாம் என்ற நிலையில் பறந்தவர்களுக்கு அது உயிர்ப்பிரச்சினை. அதற்காக எந்தச் சேர்க்கையும் சரி என்று பொருளல்ல. அழுத்தம் மிகுந்து சுற்று மிகவும் குறைந்தால் எரிபொருள் முறைதவறி வெடித்து எஞ்சினைச் சிதைக்கும். சில எஞ்சின்–விசிறி இணைகளில் அதிர்வு காரணமாகத் தொடர்ந்து ஓட்டக்கூடாத சுற்றுகளும் உண்டு. உண்மையான எல்லை, எஞ்சின் செய்தவர் சோதித்து அச்சிட்ட அட்டவணையில்தான் இருக்கிறது.

இனி ஓசூருக்கு வருவோம். அவ்வூர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 3000 அடி மேலே உள்ளது. கடற்கரையில் 30 அங்குலத்தை ஒட்டியிருக்கும் காற்றழுத்தம் அங்கே தரையிலேயே 27 அங்குலம்தான். 8000 அடியில் 22. பி.68சி-யின் எஞ்சின் காற்றை அழுத்தித் தரும் டர்போ இல்லாதது. அவ்வுயரத்தில் முதல் நெம்புகோலை முழுவதும் தள்ளினாலும் 22-க்கு மேல் கிடைக்காது. 2400 சுற்றில் சதுர விதியை மீற நினைத்தாலும் முடியாது. ஆற்றலைத் தீர்மானிக்க எஞ்சியிருப்பது சுற்று நெம்புகோல் ஒன்றே. விரைந்து செல்ல வேண்டுமானால் கூட்டலாம். எரிபொருளைக் காக்க வேண்டுமானால் குறைக்கலாம். எதைத் தேர்ந்தாலும் இரு விசிறிகளும் ஒரே சுற்றில் இருக்க வேண்டும். இல்லையேல், சுருதி சேராத இரண்டு நாதசுவரங்கள் போல, அலையலையாக ஒரு ரீங்காரம் எழும். அதைக் காதால் கேட்டே விமானி சரிசெய்வார்.

அண்டையிலுள்ள பெங்களூரில் தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கி 1993-ல் பறக்கவிட்ட ஹன்சாவிலும் பின்னாளில் இதே வகை விசிறி வந்தது. அதன் ராட்டாக்ஸ் எஞ்சின் டர்போ கொண்டது; ஆகவே உயரத்திலும் இரு நெம்புகோல்களும் பயன்படும். அதன் அட்டவணை வேறு. ஆனால் எஞ்சின் ஆஸ்திரியாவில் பிறந்தது, விசிறி ஜெர்மனியில்.

ஓசூரில் விமானத்தை ஒட்டவும் அடிக்கவும் கற்றார்கள்; பின்னர் அங்குள்ள நிறுவனம் விமானப் பாகங்கள், பராமரிப்பு ஆகியவற்றின் பக்கம் திரும்பியது. உரிமம் வாங்கினால் அட்டவணையும் கிடைக்கும். அந்த எண்களைப் பெற்ற சோதனைமேடை கிடைக்காது. உரையின்றி நூற்பாவை மட்டும் மனனம் செய்தவனுக்கு, அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பது தெரியாது. சதுர விதி இத்தனை காலம் வாழ்வதும் அதனால்தான்.