ஓர் எழுத்தின் அதிகாரம்: வேல்ஸ் ரயில் நிலையப் பெயர்கள்

வெல்ஷ் நெடுங்கணக்கில் 'வி' என்ற எழுத்து இல்லை. ஒற்றை 'எஃப்' அங்கு வகர ஒலியைக் குறிக்கும். ஆங்கில 'எஃப்' ஒலிக்கு இரண்டு 'எஃப்' எழுத வேண்டும். இந்த எளிய விதியை அறியாமல் வேல்ஸ் ரயில் நிலையங்களின் பெயர் வரலாற்றைப் புரிந்துகொள்ள இயலாது.

கார்னார்வன் நிலையத்தின் பெயர் 'வி' எழுத்துடன் பலகையேறியது. ஃபெஸ்டினியோக் ரயில்வேயைத் தோற்றுவித்த 1832ஆம் ஆண்டுச் சட்டம் ஒற்றை 'எஃப்' இட்டது; வெல்ஷ் அறிந்தவர் அதை 'வெஸ்டினியோக்' என்றே படிப்பார். அந்நிறுவனத்தின் சட்டப்பெயர் இன்றும் அப்படியே இருக்கிறது. இத்தகைய எழுத்துக்கூட்டல்களை ரயில்வே உருவாக்கவில்லை. அவை ஆங்கில ஆவணங்களில் ஏற்கெனவே புழங்கியவை. ஆனால் கால அட்டவணை, பயணச்சீட்டு, நிலையப் பலகை ஆகிய மூன்றிலும் அச்சேற்றி அவற்றை நிலைபெறச் செய்தது ரயில்வேதான்.

மாற்றத்திற்கான அழுத்தம் ரயில்வேக்கு வெளியிலிருந்து வந்தது. லானெல்லிக்கு அருகிலுள்ள லாங்கென்னெக்கில் வாழ்ந்த ஐலீன், ட்ரெவோர் பீஸ்லி தம்பதியர், வரிக் கேட்பறிக்கை வெல்ஷ் மொழியில் வரும்வரை உள்ளாட்சி வரி செலுத்த 1952இல் மறுத்தனர். வீட்டுப் பொருள்கள் ஜப்தியாயின. 1960இல்தான் இருமொழி அறிக்கை கிடைத்தது. 1962இல் வெல்ஷ் மொழிச் சங்கம் தோன்றியது. சாலைப் பலகைகள் அதன் போராட்டக் களமாயின. லானெல்லியின் அதிகாரபூர்வப் பெயரில் இறுதி 'ஒய்' 1960களில் 'ஐ' ஆயிற்று. 1966இல் 'கான்வே' என்ற பெயரில் மூடப்பட்ட நிலையம், 1987இல் 'கோனுயி' என மீண்டும் திறந்தது.

இவற்றையெல்லாம் 'தொன்மைக்குத் திரும்புதல்' என்று வகைப்படுத்துவது எளிது. ஆனால் போர்த்மாடோக் அதற்கு இடம் தராது. 'போர்ட்மடாக்' என்ற முந்தைய பெயர், அங்குக் கடலை மறித்துக் கரை எழுப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் மடாக்ஸை ஒட்டி 19ஆம் நூற்றாண்டில் அமைந்தது. 1970களில் அப்பெயர் வெல்ஷ் எழுத்துமுறைக்கு மாறியபோது, மீட்பதற்கு அதனினும் பழைய வடிவம் ஏதுமில்லை. வெல்ஷ் அடையாளமாகவே உலகம் கருதும் லான்வைர்பூலின் 58 எழுத்துப் பெயரும், பயணிகளை ஈர்ப்பதற்காக 1860களில் நீட்டப்பட்டதே.

ஆகவே இங்குத் தொன்மையை மட்டும் அளவுகோலாகக் கொள்ள முடியாது. ஓர் ஊரின் பெயரை எந்த மொழியின் ஒலிவிதிப்படி எழுதுவது, அதை முடிவுசெய்பவர் யார் என்பதே அடிப்படைக் கேள்வி. 1993ஆம் ஆண்டின் வெல்ஷ் மொழிச் சட்டம் பொதுப்பணியில் இரு மொழிகளையும் சமமாகக் கருதும் கொள்கையை வகுத்தது. 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த நெறிமுறைகள், பலகைகளில் வெல்ஷ் வாசகம் முதலில் படிக்கப்படும் இடத்தில் அமைய வேண்டும் என்கின்றன. பீஸ்லி தம்பதியர் வீட்டுப் பொருள்களை இழந்து கேட்டதும் இந்தப் பொது மதிப்பைத்தான்.