மூன்றாம் இரவு

மார்கழி, தை மாதங்களில் இரவு வானைப் படமெடுக்கத் தொடங்குபவர் முதலில் போராடுவது குளிரோடுதான். மேகமற்ற வானை நோக்கி நிற்கும் லென்ஸ் தன் வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. அதன்மேல் ஈரம் படிந்து விண்மீன்கள் மங்கிவிடுகின்றன. பேட்டரியும் சீக்கிரம் தீர்கிறது. குளிரால் நன்மையும் உண்டு: கேமராவின் உணர்வி தானாக உண்டாக்கும் பொய்ப்புள்ளிகள் குறைகின்றன. இத்தனையையும் சமாளித்து ஒரு நல்ல படம் கிடைத்துவிட்டால், அந்த வான்பகுதி முடிந்தது என்று அடுத்ததைத் தேடிப் போவது இயல்பு. ஆனால் வானைப் பதிவுசெய்யும் தொழில் வளர்ந்தது இதற்கு நேர்மாறான ஒரு பழக்கத்தால் என்பது என் முடிவு. அதே இடத்தை மறுநாளும் பார்ப்பது, அதற்கு மறுநாளும் பார்ப்பது. அந்தப் பழக்கத்தின் பலனை, கேமரா பிறப்பதற்கு முன்பே சிசிலியின் பலெர்மோ நகரம் காட்டியிருக்கிறது.

பலெர்மோவில் வானாய்வகம் அமைக்கும் பொறுப்பு ஜூசெப்பே பியாட்சியிடம் வந்தபோது அவர் கணிதம் கற்பித்துவந்த பாதிரியார். வானைப் பார்த்து அளப்பதில் புதியவர். நாற்பது வயதைக் கடந்த நிலையில், 1787 முதல் 1789 வரை பாரிசிலும் இங்கிலாந்திலும் தங்கி லலாந்து, மாஸ்கலின் போன்ற வானியலர்களிடம் தொழில் கற்றார். லண்டன் கருவிவினைஞர் ஜெஸ்ஸி ராம்ஸ்டனிடம் ஐந்தடி விட்டமுள்ள அளவு வட்டம் பொருத்திய தொலைநோக்கி ஒன்றைச் செய்து வாங்கிவந்து, நார்மன் அரண்மனைக் கோபுரத்தின் உச்சியில் நிறுவினார். அதன் லென்ஸ் 7.5 சென்டிமீட்டர்தான், இன்று பள்ளி மாணவருக்கு வாங்கித்தரும் தொலைநோக்கியின் அளவு. வடக்கையும் தெற்கையும் இணைக்கும் நடுக்கோட்டை விண்மீன் கடக்கும் கணத்தில் கடிகார நேரத்தையும் உயரத்தையும் குறிக்க வேண்டும். ஒரே விண்மீனைப் பல இரவுகள் இப்படி அளப்பது அவர் வகுத்துக்கொண்ட விதி. அவர் அஞ்சியது தன் பிழையைத்தான்.

1801 ஜனவரி 1 அன்று மாலை, ரிஷப ராசிப் பகுதியில் ஒரு விண்மீனைத் தேடியபோது அதனருகே மங்கலான இன்னொரு புள்ளி இருந்தது. அதையும் அளந்து வைத்தார். மறுநாள் அளவு பொருந்தவில்லை. முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு விலகியிருந்தது. முதல் நாள் தாம்தான் தவறாக அளந்துவிட்டோமோ என்று அவர் எண்ணினார். மூன்றாம் இரவும் அது நகர்ந்திருந்தது. அப்போதும் வாய் திறக்காமல், நான்காம் இரவும் அதே வேகத்தில் நகர்கிறதா என்று பார்த்த பிறகே நிம்மதி அடைந்தார். சிசிலியின் தானியத் தேவதையின் பெயரால் சீரிஸ் எனப்பட்ட அதுதான் முதலில் கண்டறியப்பட்ட சிறுகோள்.

இது வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். பியாட்சி கோளைத் தேடவில்லை என்பதும் உண்மை. ஆனால் அதே அதிர்ஷ்டம் பாரிசின் கதவையும் தட்டியிருந்தது. 1795 மே 8, 10 ஆகிய இரண்டு இரவுகளில் லலாந்தின் வானாய்வகம் ஒரு புள்ளியை அளந்தது. இரண்டு அளவுகளும் பொருந்தவில்லை. முதல் அளவு பிழை என்று ஒதுக்கிவிட்டார்கள். அவர்கள் கண்டது நெப்டியூன். 1846இல் பெர்லினில் அது கண்டறியப்பட்ட பிறகுதான் பாரிசின் பழைய குறிப்புக்கு உயிர் வந்தது. அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. 47,000க்கும் மேற்பட்ட விண்மீன்களைப் பட்டியலிட முனைந்தவர்களால் ஒவ்வொன்றுக்கும் மூன்றாம் முறை திரும்பிவர இயலாது. பியாட்சியின் 1814ஆம் ஆண்டுப் பட்டியலில் இருப்பவை 7,646 மட்டுமே. இருந்தும் ஒன்று தெளிவாகிறது. இரண்டாம் இரவு தருவது முரண்பாடு. அதை அவிழ்ப்பது மூன்றாம் இரவு.

கேமரா வந்த பிறகு இந்த வாதம் செல்லாது என்பது இதைவிட வலுவான மறுப்பு. சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் 1861இல் 'ஏசியா' என்ற சிறுகோளைக் கண்டதுகூடக் கண்ணால்தான். ஆனால் 1891 டிசம்பர் 22 அன்று மாக்ஸ் வோல்ஃப் ஹைடல்பர்க்கில் 'புரூசியா'வைக் கண்டது புகைப்படத் தகட்டில். நீண்ட நேரம் ஒளியைச் சேர்க்கும் தகட்டில் விண்மீன்கள் புள்ளிகளாகவும் சிறுகோள் சிறு கோடாகவும் பதிகின்றன. கண்ணுக்கு இல்லாத ஆற்றல் இது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கோடு நகர்வைச் சொல்லுமே தவிர, அந்தப் பொருள் எங்கே போகும் என்பதைச் சொல்லாது. ஒரு பாதையைத் தீர்மானிக்க ஆறு எண்கள் வேண்டும். ஓர் அளவை தருவது இரண்டு. ஆகவே குறைந்தது மூன்று அளவைகள் தேவை. பியாட்சியின் அளவைகளைக் கொண்டு 24 வயதுக் கணித அறிஞர் கௌஸ் பாதையைக் கணித்ததும் இந்த அடிப்படையில்தான். சூரிய ஒளியில் மறைந்துபோயிருந்த சீரிஸ் அவர் சொன்ன இடத்தருகே 1801 டிசம்பர் 31 அன்று மீண்டும் அகப்பட்டது. இன்றைய எளிய கேமராவுக்கும் சீரிஸ் எட்டாததல்ல: 200 மில்லிமீட்டர் லென்ஸ், குறுகிய நேரப் படங்கள் சில பத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதல். அந்தப் படத்திலும் எந்தப் புள்ளி சீரிஸ் என்பதை அடுத்த இரவுகளின் படங்களோடு ஒப்பிட்டால்தான் கண்ணால் உறுதிசெய்ய முடியும்.

பியாட்சியின் தொடர்ச்சியும் அறுந்தது. பிப்ரவரியில் சீரிஸ் அந்தியிலேயே நடுக்கோட்டை எட்டத் தொடங்கியது. அவரும் நோயில் விழுந்தார். பிப்ரவரி 11க்குப் பிறகு அளவைகள் இல்லை. கண்டுபிடிப்பைப் போற்றி மன்னர் பெர்டினாண்டு தங்கப் பதக்கம் வார்க்க விரும்பியபோது, அந்தப் பணத்தில் வேறு தாங்கி கொண்ட ஒரு தொலைநோக்கியை வாங்கித்தரும்படி பியாட்சி கேட்டுக்கொண்டார். பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் சுழன்று, நடுக்கோட்டைத் தாண்டியும் விண்மீனைத் தொடர்ந்து செல்லும் தாங்கி அது. நீண்ட நேரப் படம் எடுக்க இன்று கேமராவின் அடியில் பொருத்துவதும் அதன் சிறிய வடிவந்தான்.