புற்றணு இழந்த இரும்பு: நைட்ரிக் ஆக்சைடு கண்டறியப்பட்ட வரலாறு

பெருவிழுங்கு செல்கள் என்பவை கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் நோயெதிர்ப்புச் செல்கள் ஆகும். விழுங்கும் செல்களின் பணியை 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் கண்டறிந்த எலி மெச்னிகோஃப் 1908-இல் நோபல் பரிசு பெற்றார். இச்செல்கள் புற்றணுக்களை விழுங்காமலேயே முடக்க வல்லவை என்பது 1970களின் தொடக்கத்தில் தெரியவந்தது. அவை எதைக் கொண்டு முடக்குகின்றன என்ற வினாவுக்கு விடை கிடைக்க ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் ஆயின. காயம் முதலில் தெரிந்தது. ஆயுதம் பின்னரே தெரிந்தது.

தொடக்கம்

கலிபோர்னியாவில் ஜாக் ரெமிங்டனுடன் பணியாற்றிய ஜான் ஹிப்ஸ், டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியால் நீண்டகாலம் தொற்றுற்ற எலிகள் புற்றுக்கட்டிகளையும் எதிர்த்து நிற்பதை 1971-இல் வெளியிட்டார். தொற்றினால் தூண்டப்பட்ட பெருவிழுங்கு செல்களே இதற்குக் காரணம் என்பதை அடுத்து வந்த ஆய்வுகள் சுட்டின. பின்னர் ஹிப்ஸ் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இவ்வாய்வைத் தொடர்ந்தார்.

இரும்பு காட்டிய தடயம்

தாக்கப்பட்ட புற்றணுக்களின் மைட்டோகாண்ட்ரியாவில் சுவாசம் தடைப்படுவதை டொனால்டு கிரேஞ்சரும் ஹிப்ஸ் குழுவினரும் 1980-இல் காட்டினர். குளுக்கோஸ் கிடைத்தால் அச்செல்கள் கிளைக்காலிசிஸ் வழியாக ஆற்றல் பெற்று உயிர் பிழைத்தன, ஆனால் பெருகவில்லை. கிரேஞ்சரும் ஆல்பர்ட் லெனிஞ்சரும் 1982-இல் தடை ஏற்படும் இடங்களைக் கண்டறிந்தனர். எலக்ட்ரான் கடத்தும் சங்கிலியின் முதல் இரண்டு கூட்டமைப்புகளே பாதிக்கப்பட்டிருந்தன. இரண்டிலும் இரும்பு–கந்தகத் தொகுதிகள் உள்ளன.

1984-இல் ஹிப்ஸ், ரீட் டெய்ன்டர், ஸ்டெனெக் வாவ்ரின் ஆகியோர் புற்றணுக்களில் கதிரியக்க இரும்பை ஏற்றி, அவற்றைப் பெருவிழுங்கு செல்களுடன் வளர்த்தனர். புற்றணுக்களுக்குள் இருந்த இரும்பில் கணிசமான பகுதி வெளியேறியது. 1986-இல் ழான்-குளோத் திராப்பியேயும் ஹிப்ஸும் கிரெப்ஸ் சுழற்சியின் அகோனிடேஸ் நொதி செயலிழப்பதைக் காட்டினர். அதன் இரும்பு–கந்தகத் தொகுதி சிதைந்திருந்தது. இரும்பும் ஒடுக்கும் பொருளும் சேர்த்தபோது நொதி மீண்டும் இயங்கியது. எனவே நொதியின் புரதம் அழியவில்லை, அதன் இரும்பே தாக்கப்பட்டது என்பது தெளிவாயிற்று.

நைட்ரேட் காட்டிய வழி

வேறொரு துறையிலிருந்து இன்னொரு தடயம் கிடைத்தது. மனிதர்கள் உண்பதைவிட அதிக நைட்ரேட்டைச் சிறுநீரில் வெளியேற்றுகிறார்கள் என்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஸ்டீவன் டானன்பாம் குழு 1981-இல் அறிவித்தது. குடல் கிருமிகளே இல்லாத எலிகளிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஆகவே நைட்ரேட்டை உடலே உண்டாக்குகிறது. பாக்டீரியாவின் நச்சுப்பொருளால் தூண்டப்பட்ட எலியின் பெருவிழுங்கு செல்கள் நைட்ரைட்டையும் நைட்ரேட்டையும் உண்டாக்குவதை டென்னிஸ் ஸ்டூரும் மைக்கேல் மார்லெட்டாவும் 1985-இல் காட்டினர்.

அர்ஜினின் என்னும் அமினோ அமிலம் இல்லாவிடில் பெருவிழுங்கு செல்களால் புற்றணுக்களை முடக்க முடிவதில்லை என்பதை ஹிப்ஸ் குழு 1987-இல் நிறுவியது. அதே ஆண்டில், இரத்தக் குழாயின் உட்சுவர் வெளியிடும் தளர்த்தும் பொருள் நைட்ரிக் ஆக்சைடே என்று சால்வடோர் மொன்காடா குழு இங்கிலாந்தில் காட்டியது. பெருவிழுங்கு செல்களும் அர்ஜினினிலிருந்து இதே வாயுவை உண்டாக்குவதை 1988-இல் மார்லெட்டா, ஹிப்ஸ் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. ஹிப்ஸ் குழு புற்றணுக்களின் மீது நைட்ரிக் ஆக்சைடை நேரடியாகச் செலுத்தியபோது இரும்பிழப்பு, சுவாசத் தடை, அகோனிடேஸ் முடக்கம் அனைத்தும் அவ்வாறே தோன்றின.

செயல்படும் முறை

நைட்ரிக் ஆக்சைடு இரும்புடன் எளிதில் பிணையும். அதனால் சுவாச நொதிகளும், டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருள்களைத் தயாரிக்கும் ரைபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ் நொதியும் முடங்குகின்றன. செல் பிரிவது நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம். பிணைந்த இரும்பு குளுடாதயோன் உதவியுடன் செல்லை விட்டு வெளியேறுகிறது. அதை வெளியேற்றும் எம்.ஆர்.பி.1 என்னும் சவ்வுப் புரதத்தை ஆஸ்திரேலியாவில் டெஸ் ரிச்சர்ட்சன் குழு 2006-இல் இனங்கண்டது. புற்றுநோய் மருந்துகளைச் செல்லிலிருந்து வெளியே தள்ளி, சிகிச்சைக்குத் தடையாக நிற்பதாக ஏற்கெனவே அறியப்பட்ட புரதம் இது.

எல்லைகள்

இக்கண்டுபிடிப்பு நேராக மருந்தாகிவிடவில்லை. ஆய்வகத்தில் எலியின் செல்கள் தாராளமாக உண்டாக்கும் இவ்வாயுவை மனிதப் பெருவிழுங்கு செல்கள் அவ்வளவு எளிதில் உண்டாக்குவதில்லை. ஆயினும் இன்டர்லூகின்-2 சிகிச்சை பெற்ற புற்றுநோயாளிகளின் உடலில் அர்ஜினினிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு உருவாவதை ஹிப்ஸ் குழு 1992-இல் காட்டியது. அளவு மிகுந்தால் இவ்வாயு இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தும். குறைந்த அளவில் நீடித்துச் சுரந்தால், கட்டிக்குள் புதிய இரத்தக் குழாய்கள் வளரத் துணைபுரிந்து புற்றுக்கே உதவவும் கூடும். இதனால் வாயுவின் அளவும் அது சுரக்கும் இடமும் காலமும் இன்றும் ஆய்வுக்குரியவையாக உள்ளன.

1998-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு, இதய இரத்தக் குழாய் மண்டலத்தில் இவ்வாயுவின் பணியைக் கண்டறிந்த ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் ஆகியோருக்கு வழங்கப்பட்டது. நோயெதிர்ப்பில் அதன் பங்கைக் கண்டறிந்தவர்கள் அப்பரிசில் இடம்பெறவில்லை. எனினும் ஒரு வாயுவைச் செல்லே உண்டாக்கி ஆயுதமாகப் பயன்படுத்தும் என்ற புதிய உண்மையை, புற்றணு இழந்த இரும்பைப் பின்தொடர்ந்து சென்ற அவர்களின் ஆய்வுகளே நிலைநாட்டின.