பெயர் பெறாத பிள்ளைகள்

1943ஆம் ஆண்டு அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கனர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒட்டிசம் என்று இன்று நாம் அறியும் நிலை மருத்துவ உலகின் கவனத்தைப் பெற்றது அக்கட்டுரையாலேயே எனலாம். அக்குழந்தைகளுள் ஒன்பது பேர் ஆங்கிலோ-சக்சன் வழியினர், இருவர் யூதர். பெற்றோரோ உளமருத்துவர், சட்டத்தரணி, விஞ்ஞானி எனப் பெரும்பாலும் கல்விமான்கள்.

இதிலிருந்து ஒரு விபரீதமான முடிவு பிறந்தது. இந்நிலை படித்த, வசதி படைத்த வீடுகளுக்கே உரியதென நம்பப்பட்டது. அன்பற்ற பெற்றோரே காரணம் என்ற பழியும் உடன் எழுந்தது. அத்தகைய மருத்துவரின் வாசலை மிதிக்க வல்லவர் யார் என்ற கேள்வி மட்டும் எளிதில் எழவில்லை. 1980இல் அதனை எழுப்பியவர் ஆங்கில மருத்துவர் லோர்னா விங். மருத்துவமனைக்கு வந்தோரை மட்டும் எண்ணாது, இலண்டனின் கம்பர்வெல் பகுதிப் பிள்ளைகளைத் தேடி ஆராய்ந்தபோது, வர்க்க வேறுபாடு காணப்படவில்லை.

நிறவேறுபாடோ நீடித்தது. பிலடெல்பியாவில், வறியோர்க்கான அரச மருத்துவ உதவி பெற்ற பிள்ளைகள் பற்றிய ஆய்வொன்று 2002இல் வெளிவந்தது. வெள்ளைப் பிள்ளைகளுக்குச் சராசரி 6.3 வயதில் தெரியவந்த உண்மை, கறுப்புப் பிள்ளைகளுக்கு 7.9 வயதிலேயே தெரியவந்தது. வறுமை இருவர்க்கும் பொது. நிறம் மட்டுமே வேறு. கறுப்புப் பிள்ளைகளுக்கு முதலில் 'நடத்தைக் கோளாறு' என்ற முத்திரை குத்தப்படுவதே அதிகம் என்பதை 2007ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது.

2023இல் வெளியான அமெரிக்க அரசின் கணக்கெடுப்பில், எட்டு வயதினருள் ஆயிரத்துக்கு வெள்ளையர் 24.3, கறுப்பர் 29.3. பரிசோதனை வசதி பரவியமை இம்மாற்றத்துக்கு ஒரு காரணம். அவ்வாறாயின், முன்னைய தலைமுறைகளில் அப்பெயரும் அதனோடு வரும் உதவியும் கிட்டாது, முரடரென்று தண்டிக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்குச் சமூகம் கடன்பட்டிருக்கிறது.