சட்டத் தேர்வில் மனப்பாடத்துக்கு என்ன இடம்?

சட்டத் தேர்வு என்றாலே மனப்பாடம்தான் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. அந்தத் தேர்வின் வரலாறோ வாதத்திலிருந்து தொடங்குகிறது. இங்கிலாந்தில் வழக்கறிஞர்களை உருவாக்கிய லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் ஆகிய நான்கு சங்கங்களிலும் முற்காலத்தில் எழுத்துத் தேர்வு கிடையாது. கற்பனை வழக்கு ஒன்றைக் கொடுத்து மாணவர்களை இரு தரப்பாக நின்று வாதாடச் செய்தார்கள். 'மூட்' எனப்பட்ட இப்பயிற்சி, 1640களில் மூண்ட உள்நாட்டுப் போரோடு குலைந்தது. பிறகு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள், கட்டணம் செலுத்தி, குறித்த தவணைகளில் சங்கத்தின் விருந்தில் உட்கார்ந்து எழுந்தாலே பாரிஸ்டர் ஆகிவிட முடிந்தது. 1852இல் சட்டக் கல்விக் குழு அமைந்தது. 1872இல் தேர்வு கட்டாயமானது.

கட்டாயமானதால் தரம் உயர்ந்துவிடவில்லை. 1888இல் லண்டன் சென்று 1891இல் பாரிஸ்டரான காந்தி, ரோமானியச் சட்டத் தாளைப் பலர் இரண்டு வாரம் குறிப்புகளைப் புரட்டியே தேறியதைத் தம் சுயசரிதையில் பதிவு செய்கிறார். தாம் மூல நூல்களைப் படித்தும், வழக்கு நடத்தத் தெரியாமலே ஊர் திரும்பியதாகவும் ஒப்புக்கொள்கிறார். பம்பாயில் முதல் வழக்கில் அவருக்கு நா எழவில்லை. கூச்சமும் அதற்கு ஒரு காரணம். பின்னர் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் வணிகர் தாதா அப்துல்லாவின் வழக்குக்காகக் கணக்கு வழக்குகளைத் துருவியபோதுதான், சட்டத்தின் பெரும்பகுதி சங்கதிகளில் அடங்கியிருப்பதை உணர்ந்தார். லண்டன் தேர்வு அவரிடம் சோதிக்காமல் விட்டது இதைத்தான். இதற்கு மாறாக, அமெரிக்காவின் ஹார்வர்டில் 1870இல் சட்டத்துறைத் தலைவரான லாங்டெல், தீர்ப்புகளைக் கொண்டே பாடம் நடத்தினார். தேர்விலும் கற்பனை வழக்குகளைத் தந்தார். பழைய மூட் எழுத்து வடிவில் மீண்டது எனலாம்.

விதி தெரியாதவன் வழக்கை எப்படி அவிழ்ப்பான் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒருவர் வீட்டை விற்பதாகக் கடிதம் எழுதுகிறார். வாங்குபவர் சம்மதக் கடிதத்தைத் தபாலில் சேர்த்த பிறகே, விற்பவரின் ரத்துக் கடிதம் வந்து சேர்கிறது. சம்மதம் தபாலில் சேர்ந்ததுமே விற்பவரைக் கட்டுப்படுத்தும் என்ற விதி மனத்தில் இல்லாவிட்டால் விடை எழுத முடியாது. ஆனால் விதியை மட்டும் ஒப்பித்தவருக்கு, எந்தத் தேதி தீர்மானிக்கிறது என்பது பிடிபடாது. ஆகவே இவ்வகைக் கேள்வி நினைவாற்றலை ஒதுக்குவதில்லை. அதற்கு வேலை கொடுக்கிறது. திருத்துபவருக்கு ஏற்ப மதிப்பெண் மாறும் என்பது இன்னொரு ஆட்சேபம். முடிவுக்கு மதிப்பெண் போட்டால் அப்படித்தான் ஆகும். சிக்கலை இனங்கண்டு, விதியைச் சொல்லி, சங்கதியோடு பொருத்திய நியாயத்துக்கு மதிப்பெண் என்றால், எதிரெதிர் முடிவுக்கு வந்த இருவருமே தேறலாம். மாணவர் எப்படிப் படிப்பார் என்பதை முடிவு செய்வது வினாத்தாள். மனப்பாடத்தைக் குறைகூறுவோர் வினாத்தாளைத் தயாரிப்பவர்களிடமிருந்து தொடங்கட்டும்.