கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு: மண்ணூர்த் தொழில் வட்டாரத்தின் அன்றாட வாழ்வில்

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு, சுருக்கமாக ஏ.டி.எச்.டி., சிறு வயதில் தொடங்கிப் பலரிடம் வளர்ந்த பின்னும் நீடிக்கும் நரம்பு வளர்ச்சிக் குறைபாடு. கவனத்தை ஒன்றில் நிறுத்துவது, தொடங்கியதை முடிப்பது, நேரத்தைக் கணிப்பது, எழும் உந்துதலை அடக்குவது ஆகியவை இது உள்ளவர்களுக்குக் கடினம். இது அறிவுக்கூர்மை குறைந்ததால் வருவதன்று. காஞ்சிபுரம் மாவட்டம் திருப்பெரும்புதூர் வட்டத்திலுள்ள மண்ணூரும், சுற்றியுள்ள இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் பகுதிகளும் இக்குறைபாட்டை ஆராயப் பொருத்தமான களம். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதற்குப் பின், இந்த வட்டாரத்தில் பொழுது ஏ, பி, சி என மூன்று ஷிஃப்டாகப் பிரிந்தது. வயலில் நடவு ஒரு நாள் தள்ளிப்போனாலும் சமாளித்துக்கொள்ளலாம். கம்பெனி பஸ்ஸை ஒரு நிமிடத்தில் தவறவிட்டால் அன்றைய சம்பளம் போயிற்று. நேரத்தைக் கணிக்கத் திணறும் மூளைக்கு இதைவிடக் கடுமையான சோதனை அரிது.

மருத்துவ நூல்களில் இதன் தடம் நீளமானது. ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798இல் வெளியிட்ட மனநோய் பற்றிய நூலில், எதிலும் மனம் நிலைகொள்ளாத தவிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். லண்டனில் 1902இல் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் ஆற்றிய சொற்பொழிவுகள், அறிவில் குறையில்லாதிருந்தும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத குழந்தைகளைப் பற்றியவை. அவர் அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறையாகவே பார்த்தார். வீட்டிலும் வகுப்பிலும் விழும் திட்டுகளில் அந்தப் பார்வை இன்றும் உயிரோடிருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவர் சார்லஸ் பிராட்லி, தலைவலிக்காகத் தாம் கொடுத்த பென்செட்ரின் மருந்து சிறுவர்களைப் பாடத்தில் ஊன்றவைத்ததைக் கவனித்து 1937இல் எழுதினார். இன்று பரவலாகத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட்டை 1944இல் சிபா நிறுவனத்தின் வேதியியலாளர் லியாண்ட்ரோ பானிசான் உருவாக்கினார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1968இல் இதைக் குழந்தைகளின் மிகையியக்கம் என்றே வகைப்படுத்தியது. 1980இல் கவனக்குறைவை முன்னிறுத்தியது. 1987இல் இப்போதைய பெயரைக் கொடுத்தது. 1994இல் மூன்று வகைகளாகப் பிரித்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, அறிகுறி தொடங்கும் வயது வரம்பை 7இலிருந்து 12ஆக உயர்த்தி, 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஆறுக்குப் பதில் ஐந்து அறிகுறிகளே போதும் என்றது. வகுப்பில் ஓடித் திரிந்த பையன்மேல் மட்டுமே விழுந்த பார்வை, கடைசி பெஞ்சில் சத்தமில்லாமல் கனவில் ஆழ்ந்திருந்த பெண்ணையும், பின்பு வேலைக்குப் போகும் பெரியவரையும் எட்ட இவ்வளவு காலம் ஆயிற்று. வல்லம் வடகாலில் 2024இல் திறக்கப்பட்ட 18,720 படுக்கைகள் கொண்ட பெண் தொழிலாளர் விடுதியை நினைத்தால், இந்த வட்டாரத்துக்கு அந்த மாற்றம் எவ்வளவு முக்கியம் என்பது புரியும்.

அன்றாடச் சிக்கலின் வேர் எங்கே? அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி நெடுங்காலமாக வலியுறுத்தி வருவது இது: ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமலில்லை, தெரிந்ததை உரிய நேரத்தில் செய்ய முடிவதில்லை. ஆகவே உதவி அறிவுரையாக அல்ல, செயல் நடக்கும் இடத்திலேயே பொருளாக இருக்க வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் கவனமா இரு’ என்பது பயனற்றுப் போவது இதனால்தான். ஒரகடத்துத் தொழிற்சாலைகள் இந்த உண்மையை வேறு வழியில் ஏற்கெனவே அறிந்தவை. ஜப்பானில் 1961இல் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ ஒரு ஆலைக்குப் போனபோது, சிறு சுவிட்சில் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டிய இடத்தில் தொழிலாளர்கள் அவ்வப்போது ஒன்றை மறந்துவிடுவது தீராத தொல்லையாக இருந்தது. எச்சரிக்கையும் கண்காணிப்பும் எடுபடவில்லை. அவர் ஒரு சிறு தட்டைக் கொடுத்து, முதலில் இரண்டு ஸ்பிரிங்கையும் அதில் எடுத்துவைத்துவிட்டுப் பொருத்தச் சொன்னார். தட்டில் ஒன்று மிஞ்சினால் மறதி கண்முன் தெரிந்துவிடும். போக்கா-யோக்கே என்று இன்று எல்லா லைனிலும் சொல்லிக்கொடுக்கப்படும் முறை அது. மனிதக் கவனம் நழுவும் என்பதை ஒப்புக்கொண்டு, ஆளைத் திருத்தாமல் மேசையைத் திருத்துவது அதன் அடிப்படை. ஏ.டி.எச்.டி. உள்ளவரின் வாழ்க்கைக்குத் தேவைப்படுவதும் இதுவே. ஆனால் இந்த அறிவு கம்பெனி கேட்டோடு நின்றுவிடுகிறது.

கேட்டுக்கு வெளியே அது எப்படி இருக்கும்? ஐடி கார்டு, வண்டிச் சாவி, டிபன் பாக்ஸ் மூன்றுக்கும் கதவருகே ஒரே தட்டு. அறையில் வேறெங்கும் அவற்றுக்கு இடமில்லை. அலாரம், பஸ் வரும் நேரத்துக்கு அல்ல, செருப்பு மாட்ட வேண்டிய நேரத்துக்கு. வாடகை, சீட்டுப் பணம், வண்டித் தவணை மூன்றும் சம்பளம் ஏறும் நாளிலேயே கழிய வேண்டும், மனவுறுதியை நம்பி மாதக் கடைசிக்கு விடக்கூடாது. ஷிஃப்ட் மாறும் வாரத்தில் கூடுதல் ஏற்பாடு தேவை. ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்களில் பலருக்கு இயல்பிலேயே தூக்கம் தாமதமாகத்தான் வரும்; சுழல் ஷிஃப்ட் அதை மேலும் கலைக்கிறது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டூவீலரில் போகிறவருக்கு இது வெறும் அசதிப் பிரச்சினை அல்ல. ஸ்வீடனில் ஏ.டி.எச்.டி. உள்ள 17,408 பேரைத் தொடர்ந்து கவனித்து 2014இல் வெளியான ஆய்வில், ஆண்கள் மருந்து எடுத்துக்கொண்ட காலத்தில் கடுமையான சாலை விபத்துக்கான ஆபத்து 58 சதவீதம் குறைந்திருந்தது.

மறதி யாருக்குத்தான் இல்லை என்று கேட்கலாம். 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, வேலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நீடித்து, வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்குப் போனால்தான் குறைபாடு என்கிறது வரையறை. இது வசதி படைத்தவர்களின், மேல்நாட்டு நோய் என்பது இன்னொரு வாதம். கோவை மாவட்டத்தில் 770 பள்ளிக் குழந்தைகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வு 11.32 சதவீதம் பேரிடம் இதைக் கண்டது. பொருளாதாரத்தில் பின்தங்கிய குடும்பங்களில்தான் விகிதம் அதிகம். மதிப்பீட்டுத் தாளைக் கொண்டு கணித்ததால் எண் சற்றுக் கூடியிருக்கலாம். 2007ஆம் ஆண்டின் உலகளாவிய தொகுப்பாய்வு 5.29 சதவீதம் என்றது. எப்படிப் பார்த்தாலும் அந்த வாதம் நிற்காது. தட்டையும் அலாரத்தையும் நம்பினால் ஆள் இன்னும் மழுங்கிவிடுவார் என்போரும் உண்டு. போல்ட் போதிய அளவு இறுகியதும் டார்க் ரெஞ்ச் ‘டிக்’ என்று சொல்வதால் ஃபிட்டரின் கை கெட்டுவிட்டது என்று எந்த சூப்பர்வைசரும் புகார் செய்வதில்லை. வலுவான மறுப்பு வேறு: ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்யவைக்கும் லைன்தானே இவர்களை வதைக்கிறது, அதையே முன்மாதிரியாகக் காட்டலாமா? பத்து நாடுகளில் நடந்த உலக சுகாதார நிறுவனக் கணக்கெடுப்பு, தொழிலாளர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இது உண்டென்றும், அவர்கள் ஆண்டுக்குச் சுமார் 22 நாள் வேலைத்திறனை இழக்கிறார்கள் என்றும் கண்டது. லைனின் சலிப்பை யாரும் கடன் வாங்க வேண்டாம். தட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

இன்றைய நிலை: 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம் இக்குறைபாட்டையும் பார்க்கிறது, ஆனால் 18 வயது வரை மட்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாட்டு வகைகளில் இதன் பெயர் இல்லை. மெத்தில்ஃபெனிடேட் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. மருத்துவர் சீட்டின்றிக் கிடைக்காது. சி ஷிஃப்ட் முடித்து வருபவரும் அழைக்கக்கூடியது டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.